பிள்ளையின் நரம்பு எவ்வளவு பருமன்?

ஸ்கேன் என்றாலே கருவிலிருக்கும் சிசுவும் பித்தப்பைக் கல்லும்தான் நம் நினைவுக்கு வரும். வயிற்றைப் பார்க்க 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி போதும். அதே கருவியில் 18 மெகாஹெர்ட்ஸ் புரோபை (தோலில் வைக்கும் ஒலிமுனை) மாட்டி மணிக்கட்டில் வைத்தால் நரம்பே தெரிகிறது. இந்த ஒலி உடலுக்குள் ஆழமாகப் போகாது. ஆனால் அலைநீளம் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் நுணுக்கமாகக் காட்டும். பிள்ளைகளின் கை நரம்புகள் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுவது வசதியாகப் போயிற்று. மணிக்கட்டின் நடுவே ஓடும் மீடியன் நரம்பு குறுக்குவெட்டில் தேன்கூடு மாதிரி இருக்கும்: கருமையான இழைக்கற்றைகள், இடையிடையே வெண்கோடுகள். கதிரியக்க மருத்துவர் புருனோ ஃபோர்னாஜ் 1988இல் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் கதிரியக்கவியலார் கை கால் நரம்புகளை இப்படித் தேட ஆரம்பித்தார்கள்.

பக்கத்திலேயே தசைநாண்களும் கிடப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். விரலை மடக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்: தசைநாண் ஓடும், நரம்பு அவ்வளவாக அசையாது. படத்தை நிறுத்தி, நரம்பின் வெள்ளை விளிம்புக்கு உட்புறமாகக் கோடு இழுத்தால் பரப்பைக் கருவியே சதுர மில்லிமீட்டரில் சொல்லிவிடும். அழுத்திவிடக் கூடாது, நரம்பு நசுங்கித் தட்டையாகும். ஜெல்லைத் தாராளமாக வைத்துப் புரோபைத் தோலில் படாத குறையாகப் பிடிக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையின் கையில் இதைச் செய்து பார்த்தால்தான் தெரியும், என்ன பொறுமை வேண்டுமென்று.

நோய் ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை? மணிக்கட்டில் பெரியவர்களின் மீடியன் நரம்பு ஏறக்குறைய 8, 9 சதுர மில்லிமீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் பாதியளவே இருக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு 8 என்று வந்தால் பெரியவர்களின் அட்டவணை ‘சரி’ என்று தள்ளிவிடும். உண்மையில் அது வீங்கிய நரம்பாக இருக்கலாம். பரம்பரையாக வரும் சார்க்கோ-மாரி-டூத் நோயில், குறிப்பாக பிஎம்பி22 மரபணு இரட்டித்த வகையில், நரம்புகள் நெடுகப் பருத்திருக்கும். தொழுநோயிலும் நரம்பு தடிக்கும். முழங்கைக்குப் பின்னால் ஓடும் அல்னார் நரம்பை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் நம் மருத்துவர்களுக்கு வெகுகாலமாக உண்டு. எதையும் ‘தடிப்பு’ என்று சொல்ல அந்த வயதின் இயல்பளவு கையில் இருக்க வேண்டும். சதுர மில்லிமீட்டர் ஒன்று தவறினாலே சிறு குழந்தையின் அளவில் கால்வாசி பிசகிவிடும்.

நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையில் மின்னதிர்ச்சி உண்டு. அதை நலமான பிள்ளைகளிடம் வரிசையாகச் செய்ய எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்? ஸ்கேனில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. வேகம், பருமன் என்ற இரண்டு அளவுகளும் ஒரே கதையைச் சொல்வதுமில்லை. பிறந்த குழந்தையின் நரம்பு வேகம் பெரியவர்களுடையதில் பாதி. நரம்பிழையைச் சுற்றிய மயலின் உறை வளர வளர, நான்கைந்து வயதுக்குள் கிட்டத்தட்ட எட்டிப் பிடித்துவிடுகிறது. பருமனோ பதின்வயது வரை கூடிக்கொண்டே போகிறது. அட்டவணையை வயதுப்படி போடுவதா, உயரப்படி போடுவதா என்பதும் எளிதான கேள்வியல்ல. பிள்ளைகளிடம் இரண்டும் சேர்ந்தே வளர்கின்றனவே!

அளவு மட்டுமல்ல, இருக்கும் இடமும் முக்கியம். முழங்கையை மடக்கும்போது உட்புற எலும்பு மேட்டின் மேல் அல்னார் நரம்பு நழுவி ஏறுவது நலமான பிள்ளைகள் பலரிடம் உண்டு. அதை நோயென்று எழுதிவிடக் கூடாது. ஆனால் விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து வரும் பிள்ளைக்கு உட்புறமிருந்து கம்பி செலுத்தும் எலும்பு மருத்துவர், நரம்பு அந்த மேட்டில் ஏறி நிற்கக்கூடும் என்பதை மறக்கவே கூடாது. முழங்கையை அதிகம் மடக்கி வைக்காமல் கம்பி போடச் சொல்வது அதனால்தான்.