சிறுகோளின் முகவரி

மதுரையை அடுத்த திருநகரில், தெருவிளக்கின் ஒளி நேராகப் படாத ஒரு மொட்டை மாடியில் நிற்கிறீர்கள் என்று கொள்வோம். கையில் ஒரு பைனாகுலர் இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் வானின் ஒரு சிறு பகுதியிலேயே பத்து, இருபது ஒளிப்புள்ளிகள் தெரிகின்றன. அவற்றில் ஒன்று விண்மீன் அன்று; சூரியனைச் சுற்றிவரும் ஒரு பாறை உருண்டை என்று உங்களிடம் சொல்கிறார்கள். அது எந்தப் புள்ளி? இது முதல் கேள்வி. அடுத்த ஆண்டு அதே பாறை வானில் எங்கே இருக்கும்? இது இரண்டாம் கேள்வி. முதல் கேள்விக்குப் பொறுமை போதும். இரண்டாவதற்குக் கணக்கு வேண்டும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இத்தகைய பாறைகள் ஏராளமாகச் சுற்றி வருகின்றன. இவற்றையே சிறுகோள்கள் என்கிறோம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை இன்று நமக்குத் தெரியும். அவற்றை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று பார்ப்போம்.

நகரும் புள்ளி

சாதாரணத் தொலைநோக்கியில் சிறுகோளும் விண்மீனும் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு ஒன்றுதான். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் அப்படியே இருக்கின்றன. சிறுகோளோ அவற்றின் நடுவே மெல்ல நகர்கிறது. சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கும்போது, ஒரு நாளில் அது நகரும் தொலைவு ஏறத்தாழ நிலவின் அகலத்தில் பாதி.

வியப்பு என்னவென்றால், அப்போது அது பின்னோக்கி, அதாவது மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றும். திருமங்கலம் சாலையில் பேருந்தில் செல்லும்போது, சாலையோரம் அதே திசையில் போகும் ஒரு சைக்கிளை முந்துகிறீர்கள். தூரத்தில் திருப்பரங்குன்றத்து மலை தெரிகிறது. மலையோடு ஒப்பிட்டால் சைக்கிள் பின்னால் போவதுபோல் தோன்றும் அல்லவா? பூமிதான் அந்தப் பேருந்து, சிறுகோள் சைக்கிள், தொலைவிலுள்ள விண்மீன்களே மலை.

இந்த நகர்வைக் கொண்டு சிறுகோள்களைக் கண்டவர்களில் ஒருவர் நம் சென்னையில் பணியாற்றியவர். நுங்கம்பாக்கத்தில் அன்று இருந்த வானாய்வகத்துக்கு 1861-இல் தலைமை ஏற்ற என்.ஆர். போக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். அதன் எண் 67. பின்னர் சாஃபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) ஆகியவற்றையும் சென்னையிலிருந்தே அவர் கண்டுபிடித்தார்.

ஆறு எண்கள்

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? போதாது. இரவில் கண்மாய்க் கரையில் ஒரு விளக்கு தெரிகிறது. அது அருகிலுள்ள கைவிளக்கா, தொலைவில் வரும் லாரியின் விளக்கா? ஒரு பார்வையில் சொல்ல முடியாது. திசை தெரிகிறது, தூரம் தெரிவதில்லை. வானியலாரின் தொல்லையும் இதுவே.

சிறுகோள் செல்வது நீள்வட்டப் பாதையில். அந்தப் பாதையை முழுமையாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டு அமுங்கியது என்பவை இரண்டு. பூமியின் பாதைத் தளத்துக்கு எவ்வளவு சாய்ந்துள்ளது, எந்தத் திசையில் சாய்ந்துள்ளது என்பவை மேலும் இரண்டு. சூரியனுக்கு மிக அருகில் வரும் முனை எந்தப் பக்கம் உள்ளது என்பது ஐந்தாவது. குறிப்பிட்ட ஒரு நாளில் சிறுகோள் பாதையின் எந்த இடத்தில் இருந்தது என்பது ஆறாவது.

ஒரு முறை பார்த்தால் நமக்கு எத்தனை எண்கள் கிடைக்கின்றன? பூமியில் ஓர் ஊரை அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களால் குறிப்பதுபோல, வானில் ஒரு புள்ளியையும் இரண்டு எண்களால் குறிக்கிறோம். ஆகவே ஒரு பார்வைக்கு இரண்டு எண்கள். தெரியாதவை ஆறு. இரண்டு தெரியாத எண்களைக் காண இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்பது உங்கள் கணக்குப் பாடத்தில் உள்ளதுதானே! இங்கும் அதே விதி. ஆறு எண்களுக்குக் குறைந்தது மூன்று பார்வைகள் வேண்டும். அவையும் சில நாட்கள் இடைவெளி விட்டு இருந்தால்தான் விடை நம்பத்தக்கதாக அமையும்.

தொலைந்ததும் கிடைத்ததும்

1801 ஜனவரி 1-ஆம் நாள் இத்தாலியின் பாலெர்மோ நகரில் பியாஸி என்பவர் சீரிஸைக் கண்டார். முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் அதுதான். (இன்று அதைக் குறுங்கோள்களிலும் சேர்க்கிறார்கள்.) பிப்ரவரி 11 வரை அதைக் கவனித்தார். பின்னர் அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. மீண்டும் எங்கே தேடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. 24 வயது ஜெர்மானியக் கணித மேதை கௌஸ், பியாஸியின் குறிப்புகளிலிருந்து பாதையைக் கணக்கிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள், அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே சீரிஸ் அகப்பட்டது!

சென்னைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1872 நவம்பர் 27-ஆம் நாள் ஐரோப்பாவில் பெரும் எரிகல் மழை பொழிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் சிதைந்துபோன பியேலா வால்மீனின் துகள்களே அவை என்று கருதினார்கள். அந்த வால்மீன் தென்வானில் தெரியலாம் என எண்ணிய ஜெர்மானிய வானியலார் கிளிங்கர்ஃபூஸ், சென்னையிலிருந்த போக்சனுக்குத் தந்தி அடித்தார். மழைக்கால மேகம் வானை மூடியிருந்தது. மேகம் விலகியதும், டிசம்பர் தொடக்கத்தில் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டேவிட்டார். ஆனால் பார்க்க முடிந்தது இரண்டே நாட்கள்! மீண்டும் வானம் மூடிக்கொண்டது. இரண்டு நாட்களுக்கு நான்கு எண்கள். வால்மீனின் பாதைக்கும் ஆறு எண்கள் வேண்டுமே! பாதையைக் கணக்கிட முடியவில்லை. அது பியேலா அன்று என்றே பிற்கால ஆய்வாளர் கருதினர். போக்சன் கண்ட வால்மீன் அதன்பின் அடையாளம் காணப்படவே இல்லை.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2004 ஜூனில் அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் ஒரு சிறுகோளைக் கண்டார்கள். அதையும் இரண்டே இரவுகள்தான் பார்க்க முடிந்தது, பிறகு தவறவிட்டார்கள். டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் அகப்பட்டது. அபோஃபிஸ் என்று பின்னர் பெயர் பெற்ற அது, 2029-இல் பூமியில் மோத நூற்றில் ஏறத்தாழ மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என்று கணக்குச் சொன்னது. உலகமே திகைத்தது. அவ்வாண்டு மார்ச்சில் எடுத்த பழைய படங்களைத் தேடியபோது, அவற்றிலும் அந்தப் புள்ளி பதிவாகியிருந்தது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டதும் 2029 பற்றிய அச்சம் நீங்கியது. இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலையில், சித்திரை பிறக்கும் வேளையில், அது பூமியின் பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போய்விடும். சிறுகோள் தன் பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. நம் அறிவுதான் கூர்மையடைந்தது.

எண் கிடைப்பது எப்போது?

சிறுகோளின் பாதை ஐயமின்றி உறுதியான பிறகே அதற்கு நிலையான எண் வழங்குகிறார்கள். அந்த எண்ணே அதன் முகவரி. அதன்பின் பெயரும் சூட்டலாம். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17-ஆம் நாள் கண்டுபிடித்த சிறுகோள் 4130 என்ற எண்ணைப் பெற்றது. அதன் பெயர் ராமானுஜன்! நம் கணித மேதையின் பெயர் இன்று சூரியனைச் சுற்றிவருகிறது.

நீங்களும் செய்யலாம்

பைனாகுலரில் காண ஏற்றது வெஸ்டா என்ற சிறுகோள். ஏறத்தாழ 16 அல்லது 17 மாதங்களுக்கு ஒரு முறை அது சூரியனுக்கு எதிர்த் திசைக்கு வரும். அப்போது அதன் ஒளி எண் 5-க்கும் 7-க்கும் இடையே இருக்கும். (எண் கூடினால் ஒளி குறையும், 5 எண் வேறுபாடு ஒளியில் 100 மடங்கு. இந்த அளவை 1856-இல் வகுத்தவரும் அதே போக்சன்தான்.) மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் உள்ளதால், வெஸ்டா நள்ளிரவில் தலைக்கு மேலே நன்கு உயர்ந்து நிற்கும். நகர ஒளியின் தொல்லை அங்கேதான் குறைவு.

வெஸ்டா எந்த விண்மீன் குழுவில் உள்ளது என்பதை வானியல் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் பைனாகுலரில் தெரியும் எல்லாப் புள்ளிகளையும் நோட்டில் வரையுங்கள். தேதியும் நேரமும் குறியுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை மீண்டும் வரையுங்கள். எந்தப் புள்ளி இடம் மாறியுள்ளதோ, அதுவே வெஸ்டா.

இறுதியாக ஒரு சிறு கணக்கு. கெப்ளர் விதிப்படி, சூரியனிலிருந்து ஒரு கோளின் சராசரித் தொலைவை பூமியின் தொலைவு 1 என்ற அளவில் எடுத்து, அதன் முப்படிக்கு வர்க்கமூலம் கண்டால், கோள் ஒரு சுற்றுக்கு எடுக்கும் ஆண்டுகள் கிடைக்கும். போக்சனின் 'ஆசியா'வுக்குத் தொலைவு 2.42. அது ஒரு முறை சூரியனைச் சுற்ற எத்தனை ஆண்டுகள்? செய்து பாருங்கள். மூன்றே முக்கால் ஆண்டுக்குச் சற்று மேலாக வந்தால், உங்கள் விடை சரி.