நித்திரை போத்தலில் வருமா?

எமது மகளிர் குழுக் கூட்டங்களில் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எதைப் பேசத் தொடங்கினாலும் கடைசியில் பேச்சு நித்திரையில்தான் வந்து நிற்கும். போர் 2009 இல் முடிந்தது. ஆனாலும் நடுச்சாமத்தில் விழித்து, விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் இன்னும் பலர். இப்படியானவர்களிடம் இப்போது ஒரு குளிசைப் போத்தல் வந்து சேர்ந்திருக்கிறது. குடலுக்கு நன்மை செய்யும் பற்றீரியா அதில் இருக்கிறதாம். மன அழுத்தம் குறையும், நல்ல நித்திரை வரும் என்கிறார்கள்.

காணாமல்போன கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அக்கா, முட்டை விற்ற காசில் அதை வாங்கியிருந்தார். "கிளினிக்கில தந்த குளிசையை நிப்பாட்டிப் போட்டன் பிள்ளை. இது இயற்கையானதாம்" என்றார். எனக்குத் திக்கென்றது.

குடலுக்கும் மனதுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது உண்மைதான். பயந்தால் வயிறு கலக்குவது எமக்குத் தெரியாததா? ஜப்பானில் 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், குடலில் நுண்ணுயிர்களே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு நெருக்கடியின்போது அழுத்த ஓமோன் அளவுக்கு மிஞ்சிச் சுரந்தது. 2011 இல் அயர்லாந்தின் கோர்க் நகர ஆய்வாளர்கள் ஒருவகை லக்ரோபசிலஸ் பற்றீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகசு நரம்பை வெட்டிய எலிகளில் அந்தப் பலன் இல்லை.

விற்பவர்கள் சொல்வது இதுவரைதான். அதே பற்றீரியாவைப் பின்னர் ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2017 இல் வெளியான முடிவின்படி, மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட அது எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. வேறு வகைகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை. 'சந்தோச ஓமோன்' செரட்டோனின் 90 வீதம் குடலில்தான் உண்டாகிறது என்றும் சொல்வார்கள். அது சரி. ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் மூளைக்குள் போவதில்லை.

நல்ல பற்றீரியாதான் வேண்டுமென்றால் வீட்டுத் தயிரிலும் மோரிலும் இருக்கிறது. இரவு தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோற்றிலும் இருக்கிறது. கொதிக்கவைத்தால் அவை செத்துவிடும். கீரையும் பயறும் குடலில் உள்ள பற்றீரியாவுக்குத் தீனி. இவையெல்லாம் வயிற்றுக்கு நல்லவை. நித்திரை மருந்து என்று நான் சொல்லமாட்டேன்.

கிளினிக் குளிசையைத் திடீரென நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. சில குளிசைகளை அப்படி நிறுத்தினால் முன்னையைவிட மோசமாக நித்திரை கெடும். பதற்றமும் கூடும். குறைப்பதென்றாலும் வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் பற்றீரியாக் குளிசையைத் தொடவே கூடாது.

எந்த நேரம் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்புங்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். நித்திரை வராவிட்டால் புரண்டுகொண்டிராமல் எழும்பி இருந்துவிட்டு, கண் சொருகும்போது படுங்கள். ஒரு மாதமாகியும் சரிவராவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே காசு இல்லை. இரவில் மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது, வாங்கிய போத்தலையும் மறைக்காமல் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.