மூன்று வரி மாற்றம், 400 வரிக் குழப்பம்

“நான் எழுதினதெல்லாம் எங்கடா போச்சு?”

இரவு பதினொரு மணிக்கு நண்பனிடமிருந்து வந்த குறுஞ்செய்தி அது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் குழுத் திட்டப்பணியை ஒப்படைக்க இரண்டே நாள்கள் இருந்தன. அவன் எழுதிய நிரல் கோப்பில் நான் திருத்தியது மூன்றே வரிகள். ஆனால், ஏறக்குறைய 400 வரிகளும் அழிக்கப்பட்டு, புதிதாக எழுதப்பட்டதாக அவனது திரை காட்டியது.

நாங்கள் பயன்படுத்தியது ‘கிட்’. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கிய இந்த மென்பொருள், ஒரு கோப்பில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும். எங்கள் விரிவுரையாளர் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் ஒவ்வொருவரின் பங்களிப்புக்கும் மதிப்பெண் தருவார். என் மாற்றத்தை அப்படியே இணைத்திருந்தால், நண்பனின் உழைப்பு முழுவதும் என் பெயரில் பதிவாகியிருக்கும். அவன் கோபப்பட்டதில் தவறில்லை.

இரு பதிப்புகளையும் ஒப்பிட்டபோது, என் வரிகளின் கடைசியில் கூரைக்குறியுடன் ‘எம்’ என்ற எழுத்து நின்றது. தேடிப் படித்த பிறகே காரணம் புரிந்தது.

பழைய தொலைத்தட்டச்சு இயந்திரத்தில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். அச்சுமுனை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். தாள் ஒரு வரி நகர வேண்டும். ‘ஆஸ்கி’ குறியீட்டில் முதல் வேலைக்கு எண் 13, அடுத்ததற்கு 10. ‘விண்டோஸ்’ இன்றும் வரி முடிவில் இரண்டையும் இடுகிறது. ‘லினக்ஸ்’, இன்றைய ‘மேக்’ கணினிகளுக்கு 10 மட்டும் போதும். ஆங்கிலத்தில் 13ஆம் எழுத்து ‘எம்’ என்பதால்தான் அந்தக் குறி.

நண்பனிடம் ‘மேக்’, என்னிடம் ‘விண்டோஸ்’. கோப்பைச் சேமித்தபோது என் மென்பொருள் எல்லா வரி முடிவுகளையும் மாற்றிவிட்டது. ‘கிட்’டை நிறுவியபோது, வரி முடிவுகளை அப்படியே விட்டுவிடும் தெரிவை நானே யோசிக்காமல் சொடுக்கியிருந்தேன். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ‘கிட்’டுக்கு அவை வேறு வரிகள்.

நல்லவேளையாக, என் மாற்றம் முதன்மைக் கிளையில் சேரவில்லை. அந்தப் பதிவை நீக்கி, வரி முடிவுகளைச் சரிசெய்து மீண்டும் அனுப்பினேன். இம்முறை மூன்று வரிகள் மட்டுமே மாறியதாகக் காட்டியது.

பிறகு ‘கிட்அட்ரிபியூட்ஸ்’ எனும் சிறு கோப்பைத் திட்டப்பணியில் சேர்த்தோம். அதில் ஒரு நட்சத்திரக் குறி, ஓர் இடைவெளி, ‘டெக்ஸ்ட்=ஆட்டோ’; அவ்வளவுதான். இதனால், யார் எந்தக் கணினியில் எழுதினாலும் உரைக்கோப்புகள் களஞ்சியத்துக்குள் 10 என்ற ஒரே முடிவுடன் சேரும். படங்கள் போன்றவற்றை ‘கிட்’ அடையாளம் கண்டு தொடாமல் விடும். ‘லினக்ஸ்’ சேவையகத்தில் ஓடும் கட்டளைக் கோப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதினோம். அவற்றில் 13 ஒட்டிக்கொண்டால் பல நேரங்களில் அவை இயங்கவே மாட்டா.

குழுவாக நிரல் எழுதப்போகும் நண்பர்களே, அந்த ஒரு வரியை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். நாங்கள் அதைச் சேர்த்தபோது மணி விடியற்காலை இரண்டு. “சாரிடா” என்று நண்பன் அனுப்பியிருந்தான். நானும் அதையேதான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.