ஊரே கூடிச் சமைக்கும் திருநாள்

உழைத்து விளைவித்ததை ஊராருடன் கூடி உண்ணும் நாளே உழவனுக்கு உண்மையான திருநாள். அம்மகிழ்ச்சியை ஊர்ப் பணிக்கு நிதி திரட்டும் வழியாகவும் ஆக்கிக்கொண்டவர்கள் இத்தாலி நாட்டுக் கிராம மக்கள். அவர்கள் நடத்தும் உணவுத் திருவிழாவுக்குச் 'சாக்ரா' என்று பெயர். புனிதமானது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது அப்பெயர். முற்காலத்தில் அது ஊர்த் தேவாலயத்தைப் புனிதப்படுத்திய நாளையோ, ஊரைக் காக்கும் புனிதரின் நாளையோ குறித்தது. வழிபாடு முடிந்தபின் ஊரார் ஒன்றாக அமர்ந்து உண்பர். காலப்போக்கில் அவ்வுணவின் பெயரே விழாவின் பெயராயிற்று. இன்று திராட்சைக்கு ஒரு சாக்ரா, காளானுக்கு ஒன்று, செஸ்நட் கொட்டைக்கு ஒன்று என ஊர்தோறும் நடைபெறுகின்றன.

விழா நடைபெறும் முறை

இவ்விழாக்களைப் பெரும்பாலும் நடத்துவது 'புரோ லோகோ' என்னும் ஊர்ச் சங்கம். ஊரின் பொருட்டு என்பது இதன் பொருள். இத்தகைய முதற்சங்கம் 1881-ல், அன்று ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த திரெந்தீனோ மலைநாட்டில், பியேவே தெசினோ என்னும் சிற்றூரில் தோன்றியது. 1962-ல் இச்சங்கங்களுக்கென ஒரு தேசிய ஒன்றியம் அமைந்தது. இன்று நாடெங்கும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ளன.

விழாவுக்குச் சில வாரங்கள் முன்னரே சுற்று வட்டாரத்துச் சுவர்களில் விளம்பரத் தாள்கள் காணப்படும். பெண்கள் பலர் கூடிக் கோதுமை மாவையும் முட்டையையும் பிசைந்து, நீண்ட உருளையால் மெல்லிதாகத் தேய்த்து, கத்தியால் இழை இழையாக நறுக்குவர். வடபகுதி ஊர்களில் மக்காச்சோள மாவைப் பெரிய செப்புக் கொப்பரையிலிட்டு, நெடுங்கோலால் ஓயாமல் கிளறிக் களியாக்குவர். ஆடவர் அடுப்பையும் இறைச்சியையும் கவனிக்க, சிறுவர் சிறுமியர் தட்டேந்திப் பரிமாறுவர். கணக்கு எழுதுவோரும் ஊராரே. ஊதியம் எவருக்கும் இல்லை.

உண்ண வருவோர் முதலில் பணம் செலுத்திச் சீட்டுப் பெறவேண்டும். பின்னர் நீண்ட மரப்பலகைகளில் முன்பின் அறியாதவருடன் தோளுரச அமர்ந்து உண்பர். இரவில் அக்கார்டியன் இசையும் நடனமும் உண்டு. மிஞ்சும் பணம் தேவாலயக் கூரையைப் பழுது பார்க்கவோ, சிறுவர் விளையாட்டுத் திடலுக்கோ, அடுத்த ஆண்டு விழாவுக்கோ பயன்படும். ஊரில் ஈட்டிய பொருள் ஊரிலேயே தங்குகிறது.

மரினோவின் திராட்சை விழா

ரோமாபுரிக்குத் தென்கிழக்கே குன்றுகளின்மேல் அமைந்த மரினோ, திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்கே 1925-ல் லியோனே சிப்ரெல்லி என்னும் கவிஞரின் முயற்சியால் திராட்சை விழா தொடங்கியது. அக்டோபர் முதல் ஞாயிறு அதற்குரிய நாள். 1571-ல் லெபாந்தோ கடற்போரில் துருக்கியப் படையை எதிர்த்துப் போரிட்டு வென்ற தலைவர்களுள் மார்க்கன்தோனியோ கொலோன்னா ஒருவர். மரினோ அவர் ஆட்சிக்குட்பட்ட ஊர். அவ்வெற்றியின் நினைவையும், முன்பே இருந்த மாதா திருநாளையும், அறுவடை மகிழ்ச்சியையும் புதிய விழா ஒன்றாக்கியது. அந்நாளில் ஊர் நீரூற்றில் நீருக்குப் பதிலாகத் திராட்சை மது பாயும். 2008-ல் குழாய் இணைப்பில் நேர்ந்த தவற்றினால் மது சில வீடுகளின் குழாய்களிலும் வந்துவிட்டது! ஊரார் நெடுநாள் பேசிச் சிரித்த செய்தி இது.

வெறிச்சோடிய ஊர்கள்

ஆயினும் எல்லா விழாக்களும் இத்துணைப் பழமையானவை அல்ல. 1950-களிலும் 1960-களிலும் தூரின், மிலான் நகரங்களின் ஆலைகள் இலட்சக்கணக்கானோரை நிலத்திலிருந்து ஈர்த்தன. விளைச்சலில் பங்கு தரும் பழைய வாரச் சாகுபடி முறையில் புதிய ஒப்பந்தங்கள் 1964-ல் சட்டத்தால் தடுக்கப்பட்டன. மலையூர்களில் வீடுகள் பூட்டப்பட்டன, களங்கள் வெறுமையாயின. இன்றைய சாக்ராக்களில் மிகப்பல இதற்குப் பின்னரே தோன்றியவை. விளைநிலத்தை விட்டு ஊர் கலைந்துகொண்டிருந்தபோதுதான், எஞ்சியோர் அடுப்பை மூட்டி அதனை மீண்டும் கூட்ட முனைந்தனர். ஆகஸ்டு விடுமுறையில் நகரத்திலிருந்து திரும்பும் மகனும் பேரனும் ஊர்ப் பலகையில் அமர்ந்து பாட்டியின் கைச்சுவையை அறிகின்றனர். எனவே, இவ்விழா ஒரு வேளை உணவு மட்டுமன்று. ஊர் இன்னும் இருக்கிறது என்பதற்குச் சான்றுமாகும்.

அசலும் போலியும்

வெற்றியே இதற்கு இடரும் விளைத்துள்ளது. ஊருக்குத் தொடர்பில்லாத உணவை, மொத்த வியாபாரியிடம் உறைபொருளாக வாங்கிச் சூடாக்கி விற்று, அதனையும் சாக்ரா என்று அழைப்பவர் உளர். ஆண்டு முழுதும் வரி செலுத்தும் உணவு விடுதிக்காரர் இதனைக் குறை கூறுவதில் நியாயம் இருக்கிறது. இதனை உணர்ந்த தேசிய ஒன்றியம், ஊரின் விளைபொருளோடும் வரலாற்றோடும் தொடர்புள்ள விழாக்களுக்குத் தரமுத்திரை வழங்கி வருகிறது. வேறொரு கவலையும் உண்டு. இளைஞர் குறைந்த ஊர்களில் மாவு பிசைபவை முதிய கைகளே. அக்கைகள் ஓய்ந்தபின் என்னாகும்?

நம் நிலத்தில் விளைந்தது, நம் கையால் ஆக்கியது, நம் பொதுப் பணிக்கே செல்வது என்னும் மூன்றும் சேர்ந்ததே சாக்ரா. இவற்றுள் ஒன்று அறுந்தாலும் எஞ்சுவது வெறும் கடையே. கைத்தறி என்று பெயரிட்டு வேறு துணியை விற்கும் அங்காடியின் நிலையும் இதுவே அன்றோ? பொருளின் நேர்மையே சங்கத்தின் முதல் என்பதை நெசவாளரும் விளைவிப்போருமான நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். அம்முதலைக் காப்பதும், அதனைக் காக்கும் கலையை இளையோர் கையில் ஒப்படைப்பதும் நம் அனைவரின் கடமையாகும்.