குடிக்கும் கணக்கெழுத வேண்டும்

செட்டிநாட்டில் கணக்குக்குத் தனி மரியாதை உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் சல்லிக்காசையும் விடாமல் பேரேட்டில் ஏற்றினார்கள். இன்றும் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஒரு ரூபாய் பிசகினால் உட்கார்ந்து தேடுகிறார்கள். ஆனால் உடம்பையும் வீட்டையும் சேர்த்துக் கரைக்கும் ஒரு செலவுக்கு மட்டும் யாரும் கணக்கு வைப்பதில்லை. “வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு குவார்ட்டர்தான்” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு குவார்ட்டரில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஒன்றல்ல, ஆறு

மருத்துவர்கள் மதுவை ‘அளவு’களாகக் கணக்கிடுகிறார்கள். நம் நாட்டில் ஓர் அளவு என்பது சுமார் 10 கிராம் ஆல்கஹால். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதில் 30 மில்லியே ஓர் அளவு. 180 மில்லி குவார்ட்டர் ஆறு அளவு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் நான்கு அளவு. ஆகவே “நான் பீர்தான்” என்பவரும் கட்டிங் (அரைக் குவார்ட்டர்) போடுபவரைவிட அதிகமாகவே குடிக்கிறார்.

வாரத்துக்கு சுமார் 112 கிராம் ஆல்கஹாலைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டன் அரசின் மருத்துவ ஆலோசகர்கள் 2016-ல் சொன்ன வரம்பு. இரண்டு குவார்ட்டரிலேயே 120 கிராம் வந்துவிடுகிறது. அந்த வரம்புக்குள் இருந்தாலும் ஆபத்து குறையுமே தவிர மறையாது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பணக் கணக்கையும் பாருங்கள். குவார்ட்டர் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தினம் ஒன்று குடிப்பவர் மாதம் 4,500 ரூபாய் செலவழிக்கிறார். மகளிர் உரிமைத் தொகை 2023-ல் தொடங்கியபோது மனைவிக்கு மாதம் வந்தது 1,000 ரூபாய்.

உடம்பில் என்ன நடக்கிறது

ஓர் அளவு மதுவைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். ஒரு குவார்ட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோர் குடிப்பதாலோ குளிப்பதாலோ அது விரைவதில்லை. ராத்திரி பதினொரு மணிவரை குடித்துவிட்டு, விடிகாலையில் குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ வண்டியை எடுப்பவரின் ரத்தத்தில் போதை மிச்சம் இருக்கலாம்.

நாள்பட்டுக் குடித்தால் கல்லீரலில் கொழுப்பு படிகிறது, பிறகு வீக்கம், கடைசியில் சுருக்கம். முதல் கட்டத்தில் வலி தெரியாது. அந்தக் கட்டத்திலேயே நிறுத்தினால் கல்லீரல் பெரும்பாலும் தேறிவிடும். வயிற்றில் நீர் கோத்தபின் திரும்பும் வழி குறுகிவிடுகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களுக்கும் மது காரணம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கிவிழலாம். பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார்கள்.

குடிப்பவர் தனக்குத்தானே கேட்க வேண்டியவை

மருத்துவர்கள் கேட்கும் நான்கு கேள்விகள் இவை. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? குடியைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்வு வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் கை நடுக்கம் போகக் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அந்த நிலைக்கு வராதவர்கள் இன்றே பழக்கத்தை மாற்றலாம். குடித்த நாளையும் அளவையும் பணத்தையும் எழுதி வையுங்கள். எழுதத் தொடங்கியதும் பலருக்குக் குறைகிறது. வீட்டில் பாட்டில் வாங்கி வைக்காதீர்கள். சாப்பிட்டபின், தண்ணீர் கலந்து, 30 மில்லியாக அளந்து ஊற்றுங்கள். வாரத்தில் பல நாட்கள் மது தொடாமல் இருங்கள். சனிக்கிழமை கூலி கையில் வந்ததும் வீட்டுச் செலவை முதலில் கொடுத்துவிடுங்கள். வண்டி ஓட்ட வேண்டியவர், கர்ப்பிணி, கல்லீரல் நோயாளி, தூக்க மாத்திரை எடுப்பவர் அறவே தொடக்கூடாது. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

மஞ்சுவிரட்டிலும் காதுகுத்திலும் “எல்லாரும்தான் குடிக்கிறாங்க, மாப்ளே” என்று கிளாஸை நீட்டுவார்கள். உண்மை அதுவல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் சுமார் நான்கில் ஒருவர்தான். “வேண்டாம்” என்று சொல்பவர் பெரும்பான்மையோடுதான் நிற்கிறார்.

திடீரென நிறுத்துவதும் ஆபத்து

தினமும் அதிகமாகக் குடிப்பவர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு பிதற்றுவது எல்லாம் வரலாம். இதில் உயிரும் போகலாம். சாமிக்குக் கட்டுப்படும் மன உறுதி பெரிய துணை. ஆனால் நிறுத்தும் முதல் வாரத்தை மட்டும் மருத்துவர் கண்காணிப்பில் கழியுங்கள்.

“அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்” என்று விற்கும் பொடிகளை நம்ப வேண்டாம். குடி மறக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை அறியாமல் உண்டவர் மதுவும் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து இறக்க நேரிடலாம்.

சிகிச்சை பெறுவது உரிமை

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது அடிமைத்தனத்தால் வரும் மனநிலைகளையும் மனநோயின் கீழ் சேர்த்திருக்கிறது. ஆகவே அரசு மருத்துவமனையில் அதற்குச் சிகிச்சை கேட்பது சலுகை அல்ல, உரிமை. விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவைக் கேளுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் தடை செய்கிறது. அடிப்பதும் குற்றம். குடும்பத்தாரைப் பார்க்கவே விடாத மையத்தில் ஒருநாளும் விடாதீர்கள்.

கள்ளச்சாராயம்: ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனாலின் பாதிப்பு பல மணி நேரம் கழித்தே தெரியும். பார்வை மங்கல், வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் ‘தூங்கினால் சரியாகும்’ என்று படுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், சாராயம் குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிரையும் கண்ணையும் காக்க முடியும். விற்பவரைப் பற்றி 10581-ல் சொல்லலாம். அந்தச் சாவுகளுக்குப் பின் திருத்தப்பட்ட மதுவிலக்குச் சட்டப்படி, மரணம் விளைந்தால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை உண்டு.

வீட்டிலும் ரோட்டிலும் சட்டம்

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். பலருக்கு இரண்டு அளவிலேயே அந்த எல்லை தாண்டிவிடும். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும்.

குடித்துவிட்டு வந்து அடிப்பதை “போதையில் செய்துட்டாரு” என்று பொறுக்கச் சொல்வது தவறு. போதை அடிக்கு மன்னிப்பாகாது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை, வீட்டில் தங்கும் உரிமை, பராமரிப்புப் பணம் கேட்கலாம். உடனடி உதவிக்கு 181. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100.

மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ 50 மீட்டருக்குள்ளும், மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை வைக்கக் கூடாது என்பது பொது விதி. சில விலக்குகள் உண்டு. விதி மீறிய கடை இருந்தால் தூரத்தை அளந்து, படத்தோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். கிராம சபையிலும் தீர்மானம் போட்டு மனுவோடு இணையுங்கள்.

குடிப்பவரைக் குடிகாரன் என்று ஒதுக்கிய வீடுகளில் நோய் முற்றியிருக்கிறது. நோயாளி என்று கைபிடித்து அழைத்துப்போன வீடுகளில் பலர் மீண்டிருக்கிறார்கள். மீண்டவர் மறுபடி சறுக்கினாலும் அது தோல்வி ஆகாது. சிகிச்சையைத் திரும்பத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் திட்டாமல் பேசுங்கள். பேசிய கையோடு 14446-ஐ அழைத்து, மருத்துவரைப் பார்க்க ஒரு நாளை இருவருமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.