பென் டிரைவும் பழைய கணிப்பொறியும்

சென்ற கோடையில் ஒரு நாள் மாலை மானாம்பதியில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எதிர்த் தெருவிலிருந்து கல்லூரி முதலாண்டு மாணவன் ஒருவன் வந்து நின்றான். அவன் ஒரு கையில் பழைய மடிக்கணினி இருந்தது. மறு கையில் விரலளவே உள்ள பென் டிரைவ் ஒன்று இருந்தது. முகமோ வாட்டமுற்றிருந்தது.

“ஐயா, இதைச் செருகினால் பழைய கணிப்பொறி புதியது போல் ஓடும், விளையாட்டெல்லாம் தடங்கலின்றி வரும் என்று உத்திரமேரூரில் சொன்னார்கள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கினேன். ஒரு மாறுதலும் தெரியவில்லை. பணம் வீணாகிவிட்டதா, ஐயா?” என்றான்.

அந்த மடிக்கணினி அவனுடைய அக்காளுக்குப் பள்ளியில் கிடைத்தது. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த ஆயிரமாயிரம் பொறிகளுள் அதுவும் ஒன்று. அக்காள் போட்டித் தேர்வுக்கென எழுதி வைத்த இரண்டாண்டுக் குறிப்புகள் யாவும் அதற்குள்ளேதான் இருந்தன. தம்பிக்கோ அது கிரிக்கெட் ஆடும் மைதானம்.

வீண் என்றோ, வீணன்று என்றோ உடனே விடை கூற எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாயின் கூலி அதில் அடங்கியிருக்கிறது. “உட்கார் தம்பி, முதலில் புரிந்துகொள்வோம், பிறகு சோதித்துப் பார்ப்போம்” என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வகுப்பறை ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஆசிரியர் முன்னே கரும்பலகை இருக்கிறது. அப்போது நடக்கும் பாடத்துக்கு வேண்டியவை யாவும் அதில் எழுதப்படுகின்றன. இடம் போதாவிட்டால் பழையதை அழித்துத்தான் புதியதை எழுத வேண்டும். தாழ்வாரத்தின் கோடியில் பெரிய அலமாரி ஒன்று உண்டு. அதில் எல்லாப் புத்தகங்களும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடந்து போய் வர வேண்டும். கணிப்பொறியில் கரும்பலகைக்கு நிகரானது ராம் எனப்படும் தற்காலிக நினைவகம். அலமாரிக்கு நிகரானது ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு.

வன்தட்டு என்பது சுழலும் தட்டு. பழைய மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி வினாடி ஆகிறது. வேண்டிய செய்தி ஊசிமுனையின் கீழ் வந்து சேரும் வரை சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். ஊசிமுனை இடம் பெயரும் நேரமும் அதனோடு சேர்கிறது. ஒரு முறைக்கு இது சிறிய நேரமே. ஆயினும் ஆயிரம் சிறு துண்டுகளை ஆயிரம் இடங்களிலிருந்து எடுக்க வேண்டுமானால், நாம் கொட்டாவி விடத் தொடங்கிவிடுகிறோம்.

பென் டிரைவில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பியூஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அதனுள் இருப்பது. சிறு துண்டுச் செய்தியை அது ஒரு மில்லி வினாடி அளவிலேயே எடுத்துத் தரும். ஆகவே அதனை ஆசிரியரின் மேசை இழுப்பறை எனலாம். கரும்பலகையைப் போல் கண்ணெதிரே இல்லை; ஆனால் அலமாரியைப் போல் தொலைவிலும் இல்லை.

இந்த இழுப்பறையைப் பயன்படுத்தும் வழியை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் அமைத்தது. அதன் பெயர் ரெடிபூஸ்ட். அடிக்கடி தேவைப்படும் சிறு துண்டுகளின் படியைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது அங்கிருந்து கொடுப்பதே அதன் வேலை. நீண்ட தொடர்ச்சியான கோப்பானால் வன்தட்டிலிருந்தே எடுக்கும்; ஏனெனில் வரிசையாகப் படிப்பதில் வன்தட்டு பின்தங்குவதில்லை. பென் டிரைவில் இருப்பது வெறும் படியே ஆதலால், திடீரென்று பிடுங்கினாலும் மூலச் செய்தி அழியாது. அந்தப் படியும் பிறர் படிக்க இயலாதபடி மறைகுறியாக்கப்பட்டே வைக்கப்படுகிறது.

ஆனால் செருகிய மாத்திரத்தில் இது நடந்துவிடாது. பென் டிரைவின் பண்புகளைத் திறந்து, ரெடிபூஸ்ட் என்னும் பகுதியில் ‘இதைப் பயன்படுத்து’ என்று நாம் குறித்துக் கொடுக்க வேண்டும். குச்சி மிகவும் மெதுவானதாக இருந்தால் விண்டோஸே அதை ஏற்க மறுத்துவிடும். நம் பையன் இதை அறியாமல், செருகிவிட்டுக் காத்திருந்தான். இழுப்பறையைத் திறக்காமலே புத்தகத்தை எதிர்பார்த்தது போலாயிற்று!

பகுதியைத் திறந்து குறித்தோம். இரண்டு நாள் வழக்கம் போல் பயன்படுத்தச் சொன்னேன். மூன்றாம் நாள் சுவர்க் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்து சோதித்தோம். அவன் ஆடுவது 2006இல் வெளிவந்த ‘கிரிக்கெட் 07’. இணைய உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, குச்சியுடன் மூன்று முறையும் குச்சியின்றி மூன்று முறையும் விளையாட்டைத் திறந்தோம். குச்சி இருந்தபோது திறக்கும் நேரம் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. உலாவியை மூடிவிட்டுச் சோதித்தபோது வேறுபாடு தெரியவே இல்லை. ஆட்டம் தொடங்கிய பின்னரோ, பந்து வரும்போது திரை திக்கித் திக்கி நகர்ந்தது முன்பு போலவே நகர்ந்தது.

இதன் காரணம் என்ன? அவன் பொறியில் ராம் 2 ஜி.பி. மட்டுமே. பல வேலைகளை ஒருங்கே திறந்தால் கரும்பலகை நிறைந்துவிடுகிறது. அழித்தும் எழுதியும் அலமாரிக்கு நடை நடையாக நடக்க வேண்டியிருக்கிறது. அந்த நடையை இழுப்பறை குறைத்தது. உலாவியை மூடியதும் பலகையில் இடம் கிடைத்தது. நடையே குறைந்துவிட்டதால் இழுப்பறைக்கு வேலை இல்லை. திரையில் படம் வரைவதோ மற்றொரு கை. மையச் செயலியும் வரைகலைச் செயலியுமே அந்தக் கை. இழுப்பறை எவ்வளவு அருகிலிருந்தாலும், எழுதும் கை விரைந்து எழுதாது. பென் டிரைவ் ராமாகவும் மாறாது, வரைகலை அட்டையாகவும் மாறாது. இதனை மறைத்து விற்பது நேர்மையன்று.

அப்படியானால் பழைய பொறிக்கு நல்ல மருந்து எது? செலவில்லாத மருந்து முதலில்: விளையாடுமுன் தேவையற்றவற்றை மூடுங்கள், விளையாட்டின் அமைப்பில் படத்தின் நுட்பத்தைக் குறையுங்கள், விசிறியில் படிந்த தூசியைத் துடையுங்கள், வெப்பம் மிகுந்தால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செலவு செய்ய இயலுமானால், பொறி ஏற்குமாயின் ராமைக் கூட்டுங்கள். அல்லது வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துங்கள். அதுவும் ஃபிளாஷ் நினைவகமே. ஆனால் பென் டிரைவைவிடப் பன்மடங்கு விரைவானது. அது வந்தபின் ரெடிபூஸ்ட்டுக்குப் பெரும்பாலும் வேலை இராது.

இனி, பையனின் கேள்விக்கு வருகிறேன். சோதனையின்போது வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் மடிக்கணினியின் உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்டது. ஆட்டத்தின் ஆரவாரத்தில் அவன் அதைக் கவனித்ததே இல்லை. வன்தட்டு தளர்ந்து வருவதன் அறிகுறி அது. “தம்பி, அக்காளின் குறிப்புகளுக்கு வேறு படி உண்டா?” என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்தது. இல்லை.

உடனே ரெடிபூஸ்ட்டை நிறுத்தினோம். அந்தப் பென் டிரைவிலேயே இரண்டாண்டுக் குறிப்புகளையும் படியெடுத்தோம். எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. பிறகு குச்சியைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி அக்காளிடமே கொடுக்கச் சொன்னேன். குச்சியும் என்றேனும் பழுதாகக் கூடும்; ஆதலால் மற்றொரு படியும் வேறிடத்தில் வைக்குமாறு சொல்லியனுப்பினேன்.

மறுநாள் காலை அவன் தாய் வேலைக்குப் போகும் வழியில் திண்ணையருகே நின்றார். “பணம் வீணில்லையே, ஐயா?” என்றார்.

“வீணில்லை அம்மா. ஆனால் கடையில் சொன்ன காரியத்துக்கு அது உதவவில்லை, வேறொரு காரியத்துக்கு உதவியது” என்றேன்.

நேயர்களே, பொறி மெதுவாக ஓடினால், பணப்பையைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: தாமதம் பலகையிலா, அலமாரியிலா, எழுதும் கையிலா? அதற்கு விடை கண்டபின் கடைக்குப் போகலாம்.