மணலில் விழுந்த தழும்புகள்

தேனி மாவட்டம் ராசிங்காபுரத்துக்கு மேற்கே நிற்கும் மலைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை. நியூட்ரினோ ஆய்வகத்துக்காகப் பேசப்பட்ட பொட்டிபுரம் அம்பரப்பர் மலையும் அதே பாறைதான். வெயிலும் மழையும் அதை உதிர்க்கும்போது மற்ற கனிமங்கள் மக்கி மண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மட்டும் மணலாக மிஞ்சும். எஃகுக் கத்திக்கும் அசையாத கல் அது. அதனாலேயே அதன்மேல் ஒரு தழும்பு விழுந்தால் லேசில் மறையாது.

அந்தத் தழும்புகளைப் பார்த்து, மணலைச் சுமந்து வந்தது ஆறா, அலையா, காற்றா என்று சொல்ல முடியும். 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு வளர்ந்த முறை இது. கிரின்ஸ்லியும் டூர்ன்காம்ப்பும் 1973இல் வெளியிட்ட மணல் படத்தொகுப்பு இத்துறையின் அடிப்படை நூல்.

மணலை அமிலத்தில் கழுவித் துருவைப் போக்குவார்கள். மெல்லிய தங்கப் பூச்சு பூசி நுண்ணோக்கிக்குள் வைப்பார்கள். அரை மில்லிமீட்டர் மணல் திரை முழுக்க விரியும். பாறையிலிருந்து புதிதாக உடைந்ததென்றால் விளிம்பு கூராக இருக்கும். முறிந்த முகத்தில் சங்கு ஓட்டைப் போல வளைவு வளைவாக வரிகள் ஓடும். வேகமாக ஓடும் ஆற்றிலோ அலையிலோ மோதியிருந்தால் சில மைக்ரான் அளவில் 'வி' வடிவக் குழிகள் விழுந்திருக்கும். காற்று செய்யும் வேலை வேறு. தண்ணீரில் மோதலின் வேகம் தணிந்துவிடும். காற்றில் அந்தத் தடுப்பு இல்லை. ஒரே தூரம் பயணம் செய்தால், ஆற்றைவிட 100 முதல் 1,000 மடங்கு அதிகமாகக் காற்று மணலைத் தேய்க்கும் என்று கியூனன் என்ற டச்சு அறிஞர் சோதனையில் கண்டார். அப்படித் தேய்ந்த மணல் உருண்டு, மங்கிப்போயிருக்கும். ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் நெடுங்காலம் புதைந்து கிடந்தால் அரிப்புக் குழிகளும் சிலிக்காப் படிவும் சேரும்.

எந்தத் தழும்பு எதன்மேல் விழுந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுகிறது. 'வி' குழிகளைக் காற்றின் தேய்ப்பு பாதி அழித்திருந்தால், முதலில் தண்ணீர், பிறகு காற்று.

தூத்துக்குடி மாவட்டத்துச் செந்நிற மணல்மேடுகளான தேரிகளுக்கு இந்தக் கேள்வி நேராகப் பொருந்தும். குதிரைமொழித் தேரியின் மணல் கடல் தந்ததா, தென்மேற்குக் காற்று உள்நாட்டுச் செம்மண்ணிலிருந்து அள்ளி வந்ததா? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற தரை வெளியே தெரிந்தது. அங்கிருந்தும் காற்று மணலை எடுத்திருக்கலாம். தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956இல் எழுதியபோதே, பழைய கடல்மட்டத்தோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கே வாழ்ந்த மனிதர்கள் கண்ட கரை எது என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ஒற்றை மணல்துகளை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மலையடி ஓடையில் கொஞ்ச தூரமே வந்த மணலிலும், கிரஷரில் உடைத்த எம்-சாண்டிலும், பனியாறு அரைத்த மணலிலும் அதே சங்கு முறிவு தெரியும். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் பல மணல்துகள்களை எடுத்து, எந்தத் தழும்பு எத்தனை துகள்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மண்ணின் அடுக்கும் தெரிந்திருக்க வேண்டும்; பொக்லைன் அள்ளி லாரியில் கொட்டிய மணலில் அது கலைந்துவிடுகிறது. ஓடைக்கரையை வெட்டும் முன், தேரியைச் சமப்படுத்தும் முன், மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காக ஒரு பிடி மணலாவது எடுத்து, ஆழத்தைக் குறித்து வைக்க வேண்டும்.